கீழ உக்காராதீங்கன்னு சொன்ன டாக்டர் நான்தான்

கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய அப்பா அம்மா இருக்கிறவங்க முழுசா படிச்சிடுங்க. நாற்பதைத் தாண்டியவங்க உங்களுக்காகவே படிங்க.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு அம்மாவை அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். வயது 71. தனியாக வசிப்பவர். இரவு பாத்ரூமில் கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்திருக்கிறார். காலையில் பால் போட வந்தவர் தட்டிப் பார்த்து, பதில் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிக் கதவை உடைத்திருக்கிறார்கள். ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார்.

எக்ஸ்ரே எடுத்தோம். இடுப்பு, தொடை, முதுகு, மணிக்கட்டு எங்கேயும் முறிவு இல்லை. தலை சிடி ஸ்கேனும் சுத்தம். "அப்பாடா"ன்னு மகனுக்கு போன் போடப் போன நேரத்தில் நர்ஸ் சிறுநீர்ப் பையைக் காட்டினார். கட்டங்காப்பி நிறம். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தது, பொட்டாசியம் ஏறியிருந்தது. இரண்டு தடவை டயாலிசிஸ் செய்துதான் அந்த அம்மாவைக் காப்பாற்ற முடிந்தது.

ஒரு எலும்புகூட உடையவில்லை. ஆனால் சிறுநீரகம் நின்றுவிட்டது. எப்படி?

அசையாமல் ஒரே பக்கமாகக் கடினமான தரையில் கிடந்தால், உடம்பின் எடை அடியில் இருக்கிற தசையை நசுக்குகிறது. ரத்த ஓட்டம் போகாமல் தசை அழுக ஆரம்பிக்கிறது. அதிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்கிறது. ராப்டோமயோலைசிஸ் என்போம். கட்டடம் இடிந்து சிக்கினவர்களுக்கு வருகிற அதே பிரச்சனை. இந்த அம்மாவை நசுக்கியது வேறு எதுவும் இல்லை, அவருடைய சொந்த எடை.

நாலாம் நாள் கொஞ்சம் தெளிந்து உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். "ஏம்மா, அடியே படலையே. ஏன் எந்திரிக்காமயே கிடந்தீங்க?"

"எந்திரிக்கத் தெரியல தம்பி. கையை எங்க ஊனணும், காலை எப்படி மடக்கணும், ஒண்ணுமே புரியல. மூட்டு தேஞ்சிருக்கு, கீழ உக்காராதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் தரையில உக்காந்தே எட்டு வருஷம் ஆச்சு."

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னது உண்மைதான். பழைய சீட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

மூட்டுவலி என்று யார் வந்தாலும் நாங்கள் எல்லோரும் சொல்கிற வசனம் அது. அதில் தப்பில்லை, பாதி சரி. முட்டியை முழுசாக மடக்கிக் குத்துக்காலிட்டு உட்காரும்போது சில்லுக்குப் பின்னால் அழுத்தம் பலமடங்கு ஏறும். தேய்ந்த மூட்டோடு மணிக்கணக்கில் அப்படி உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கக் கூடாது. அதைத்தான் சொல்ல நினைத்தோம். நோயாளி காதில் விழுந்தது "இனிமேல் தரைப் பக்கமே போகாதே". சாப்பாடு டேபிளுக்குப் போனது, பூஜை ஸ்டூலுக்குப் போனது, கழிப்பறை வெஸ்டர்ன் ஆனது. இறங்கி ஏறுவது நின்றுபோனால், அந்த வித்தையை உடம்பு இரண்டு மூன்று வருடத்தில் மறந்துவிடும். விழுகிற அன்றைக்கு மட்டும் திடீரென்று ஞாபகம் வருமா?

இது அந்த ஒரு அம்மாவின் கதை மட்டுமில்லை. 1993ல் ஜாமா இதழில் ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது. வயதானவர்களில், விழுந்தும் பெரிய அடி படாதவர்களை மட்டும் எடுத்துக் கேட்டால், 47 சதவீதம் பேர் ஒரு தடவையாவது தானாக எழ முடியாமல் கிடந்திருக்கிறார்கள். 2008ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயதைத் தாண்டியவர்களை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். விழுந்தவர்களில் 80 சதவீதம் பேருக்கு ஒருமுறையாவது எழ முடியவில்லை. 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தார்கள். அவசர அழைப்பு பட்டன் வசதி இருந்தும் அப்படி நீண்ட நேரம் கிடந்தவர்களில் பெரும்பாலானோர் அதை அழுத்தவில்லை. ஆக, மகன் அமெரிக்காவிலிருந்து வாங்கி அனுப்பிய வாட்ச் காப்பாற்றும் என்று நிம்மதியாக இருக்க முடியாது.

விழாமல் இருக்க என்ன செய்யணும் என்று நாங்கள் நிறைய எழுதுகிறோம். வழுக்காத டைல்ஸ், கைப்பிடி, நைட் லாம்ப். எல்லாம் வேணும். ஆனா விழுந்த பிறகு எப்படி எழணும் என்று நானே ஒரு நோயாளிக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. மருத்துவப் படிப்பில் எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு ஜியு-ஜிட்சு வகுப்பு. சிரிக்காதீங்க.

மகளைச் சேர்க்கப் போயிருந்தேன். பெற்றோர்களும் ஒரு நாள் இலவசமாகப் பார்க்கலாம் என்று மேட்டில் இறக்கிவிட்டார்கள். கழுத்தை நெரிப்பது, கையை முறுக்குவது என்று டிவியில் பார்த்ததை எல்லாம் எதிர்பார்த்துப் போனவனுக்கு, முதல் அரைமணி நேரம் ஒரே வேலை. தரையில் உட்காரு, எழுந்திரு. மல்லாந்து படு, இடுப்பை நகர்த்து, எழுந்திரு. பத்தாவது தடவையில் எனக்கு மூச்சு வாங்கியது. தினமும் காலையில் 5 கிலோமீட்டர் நடக்கிறவன் நான்! என் மகளுடைய பயிற்சியாளர் என்னைப் பார்த்து, "சார், நடக்கறது வேற, எந்திரிக்கறது வேற"ன்னார்.

அந்தப் பயிற்சிக்கு 'டெக்னிக்கல் ஸ்டாண்ட்-அப்' என்று பெயர். எடை வேண்டாம், கருவி வேண்டாம், ஒரு பாய் விரிக்கிற இடம் போதும்.

இது எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ஜிகோரோ கானோ பழைய ஜுஜுட்சுவை ஒழுங்குபடுத்தி 1882ல் கோடோகான் பள்ளியைத் தொடங்கினார், அதுதான் ஜூடோ. அங்கே முதலில் சொல்லிக்கொடுப்பதே எப்படி விழுவது என்பதுதான். அந்தப் பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா 1914ல் பிரேசில் போனார். அவர் வழியில் வந்த வித்தையை கிரேசி சகோதரர்கள் ரியோ டி ஜெனீரோவில் தரைச் சண்டையாக வளர்த்தெடுத்தார்கள். அவர்களில் ஹீலியோ கிரேசி ஒல்லியான ஆள். தன்னைவிடப் பெரிய ஆட்களோடு மோத வேண்டியவர், அதனால் பலத்தைவிட நெம்புகோல் தத்துவத்தை நம்பினார். 95 வயதுவரை வாழ்ந்தார். அவர் மகன் ராய்ஸ் 1993ல் முதல் யுஎஃப்சி போட்டியில் தன்னைவிடப் பெரிய ஆட்களை எல்லாம் தோற்கடித்த பிறகுதான் உலகம் இந்தக் கலையைத் திரும்பிப் பார்த்தது.

நமக்கு வேண்டியது அந்த நெம்புகோல் மட்டும். பலம் குறைந்தவன் தரையிலிருந்து எப்படிப் பத்திரமாக எழுவது என்பதற்கு நூறு வருடமாக மெருகேற்றின பதில் அது.

எப்படிச் செய்வது? தரையில் உட்காருங்க. இடது முட்டியை மடக்கி, பாதத்தைத் தரையில் நல்லா பதிய வையுங்க. வலது கால் முன்னால் நீட்டியபடி இருக்கட்டும். வலது கையை உங்களுக்குப் பின்னால், இடுப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி ஊன்றுங்க. விரல்கள் பின்பக்கமோ பக்கவாட்டிலோ பார்க்கட்டும், முழங்கையை விறைப்பாகப் பூட்டிவிடாதீங்க. இடது கை முகத்துக்கு முன்னால். சண்டையில் அது அடியைத் தடுக்க, வீட்டில் அது சுவரையோ நாற்காலியையோ பிடிக்க.

இப்போ எடை முழுவதும் இரண்டே இடத்தில்: பின்னால் வலது கை, முன்னால் இடது பாதம். குறுக்காக. மூச்சை விட்டுக்கொண்டே இடுப்பைத் தூக்குங்க. தூக்கின நிலையிலேயே நீட்டியிருந்த வலது காலை உடம்புக்கு அடியில் இழுத்து, பின்னால் கொண்டுபோய் ஊன்றுங்க. தலையை நிமிர்த்தி, கையை எடுத்து எழுந்திருங்க. அதே வழியில் திரும்ப உட்காருங்க. அடுத்து பக்கம் மாற்றி.

எல்லோரும் செய்கிற தப்பு, இடுப்பைப் போதுமான அளவு தூக்காமலே காலை இழுப்பது. முட்டி தரையில் இடிக்கும், "எனக்கு வராது"ன்னு விட்டுவிடுவோம். நான் முதல் வாரம் முழுக்க அதைத்தான் செய்தேன். இடுப்பு உயரமாகப் போனால் கால் தானாக உள்ளே நுழைந்துவிடும். இரண்டாவது தப்பு அவசரம். மெதுவாகச் செய்தால்தான் கஷ்டம், கஷ்டப்பட்டால்தான் பலன்.

தோள், முழங்கைக்கு மேல் பின்பக்கத் தசை, வயிற்றின் பக்கவாட்டுத் தசை, புட்டம், தொடை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. குத்துக்காலிட்டு எழும்போது முட்டி மட்டுமே சுமக்கிற எடையை இங்கே கை பங்கு போட்டுக்கொள்கிறது. லேசான மூட்டுத் தேய்மானம் உள்ள பலருக்கு இதனால்தான் இந்த வழியில் எழுவது சுலபமாக இருக்கிறது.

"சூரிய நமஸ்காரம் செய்றேனே டாக்டர், போதாதா?" கட்டாயம் இந்தக் கேள்வி வரும். நல்ல பயிற்சி, விடாதீங்க. ஆனா அது நின்ற நிலையில், நீங்கள் தயாராக இருக்கும்போது ஆரம்பிக்கிறது. விழுகிறவர் மல்லாந்தோ ஒருக்களித்தோ, கோணலாகக் கிடப்பார். அங்கிருந்து ஆரம்பிக்கிற பழக்கம் தனியாக வேணும்.

ரியோவைப் பற்றிச் சொன்னேன் இல்லையா. அதே ஊரில்தான் கிளாடியோ கில் அராவுஜோ என்ற மருத்துவரும் இருக்கிறார். 'உட்கார்ந்து எழும் சோதனை' அவர் குழுவினுடையது. மொத்தம் 10 மதிப்பெண். உட்கார 5, எழ 5. கையோ முட்டியோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போச்சு, தள்ளாடினால் அரை போச்சு. 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைச் சோதித்து, சராசரியாக ஆறு வருடத்துக்கு மேல் கவனித்து, 2012ல் வெளியிட்டார்கள். மதிப்பெண் குறையக் குறைய அந்தக் காலகட்டத்தில் இறந்தவர்கள் அதிகம். மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களிடம் இறப்பு பல மடங்கு.

இதைத்தான் வாட்ஸ்அப்பில் "கை ஊன்றாமல் எழ முடியவில்லையா? ஐந்து வருடத்தில் மரணம்!" என்று பரப்புகிறார்கள். அப்படி இல்லை. எழ முடியாதது சாவுக்குக் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. தசை பலம், சமநிலை, மூட்டு வளைவு, உடல் எடை எல்லாம் எப்படி இருக்கிறது என்பதற்கு அது ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். கண்ணாடியைத் துடைத்தால் முகம் வெளுக்காது. இன்னொன்று, நான் மேலே சொன்ன முறையில் எழுந்தால் கை ஊன்றியதற்காக அராவுஜோ உங்களுக்கு ஒரு மதிப்பெண் கழித்துவிடுவார். பரவாயில்லை, கழிக்கட்டும். பாத்ரூம் தரையில் மதிப்பெண் போட யாரும் வரப்போவதில்லை.

இனி எச்சரிக்கை. இதைத் தாண்டிப் போகாதீங்க.

இடுப்பு அல்லது முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள், எலும்புப்புரை உள்ளவர்கள், முதுகெலும்பு முறிவு இருந்தவர்கள், சமீபத்தில் இதய, கண், வயிற்று அறுவை சிகிச்சை ஆனவர்கள், நெஞ்சு வலி உள்ளவர்கள், பிபி கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், எழுந்து நின்றால் தலைசுற்றுகிறவர்கள், கர்ப்பிணிகள் உங்கள் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்காமல் செய்யாதீங்க. மணிக்கட்டு வலி இருந்தால் உள்ளங்கைக்குப் பதில் முஷ்டியை ஊன்றலாம், அல்லது ஒரு தாழ்வான பலகை மேல் கையை வைக்கலாம். முதல் சில நாள் பக்கத்தில் யாராவது இருக்கணும்.

அதேபோல, நாற்பத்தைந்து வயதில் போய் இருபது வயசுப் பையனோடு மல்லுக்கட்டச் சொல்லவில்லை. ஜியு-ஜிட்சுவில் முட்டி, தோள், விரல், விலா எல்லாம் அடிபடும். ஆசை இருந்து, நல்ல ஆசிரியர் கிடைத்தால் அது உங்கள் விருப்பம். எனக்கு வேண்டியது அந்த வகுப்பின் முதல் அரைமணி நேரம் மட்டும்தான்.

எழுபதைத் தாண்டியவர்களுக்கு டெக்னிக்கல் ஸ்டாண்ட்-அப் பெரும்பாலும் ஒத்துவராது. அவர்களுக்கு பிசியோதெரபிஸ்டுகள் சொல்லித்தருகிற வழி வேறு. மல்லாந்து கிடந்தால் முதலில் ஒருக்களித்துப் புரளணும். கீழ்ப்பக்க முழங்கையை ஊன்றி, மேல்பக்க உள்ளங்கையைத் தரையில் வைத்துத் தள்ளி உட்காரணும். பிறகு தவழுகிற நிலை. தவழ்ந்தே ஒரு உறுதியான நாற்காலிக்கோ கட்டிலுக்கோ போகணும். இரண்டு கையையும் அதன் மேல் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, தள்ளி எழுந்து, திரும்பி அதிலேயே உட்காரணும். உடனே நடக்கக் கூடாது, ரெண்டு நிமிஷம் உட்காரட்டும்.

பயந்தவர்களுக்கு இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுப்பார்கள். முதல் நாள் நாற்காலியைப் பிடித்து ஒரு முட்டி போட்டு எழுவது மட்டும். அது பழகின பிறகு இரண்டு முட்டி. அப்புறம் தவழ்வது. கடைசியில்தான் படுப்பது. ஒவ்வொரு நாளும் திரும்ப எழத் தெரிந்த இடம் வரைக்கும்தான் இறங்குவார்கள். அதனால் பயம் வராது.

அந்த வகுப்பில் கற்ற இன்னொன்றும் வயதானவர்களுக்கு உதவும். இடுப்பை நகர்த்துவது, 'ஷ்ரிம்ப்' என்பார்கள், இறால் மாதிரி சுருண்டு நகர்வதால் அந்தப் பெயர். நம்ம பாத்ரூம்கள் நாலடி அகலம். கமோடுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவருக்குப் புரளவே இடம் இருக்காது. பாதங்களை ஊன்றி, இடுப்பை லேசாகத் தூக்கி, ஒரு பக்கமாகத் தள்ளத் தெரிந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகரலாம். கட்டிலிலேயே படுத்துக்கொண்டு பழகலாம். படுக்கையில் புரண்டு படுக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் இது நல்லது.

விழுந்தவுடன் செய்ய வேண்டியது எழுவது இல்லை. ஒரு நிமிஷம் அப்படியே கிடந்து உடம்பைக் கேளுங்க. தொடை இடுக்கில் கடும் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிவாக இருக்கலாம். எழக் கூடாது, யாரும் தூக்கி நிறுத்தவும் கூடாது, 108ஐக் கூப்பிடணும். வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் வரவில்லை என்றாலும் அதேதான். தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், வலியே இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரி.

எழ முடியவில்லை என்றால்? சும்மா கிடக்காதீங்க. சில நிமிஷத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்க, பாதத்தை ஆட்டுங்க, தொடையை இறுக்கித் தளர்த்துங்க. ஈரத்திலிருந்து விலகுங்க. கைக்கு எட்டுகிற துண்டையோ மிதியடியையோ இழுத்து அடியில் போடுங்க. தொண்டை கட்டும்வரை கத்துவதைவிட மக்கால் கதவைத் தட்டுவது நல்லது. தசையை நசுங்கவிடாமல் பார்த்துக்கொண்டாலே சிறுநீரகத்துக்கு நேரம் கிடைக்கும்.

சக மருத்துவர்கள் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள். மூட்டுவலிச் சீட்டில் "தரையில் உட்கார வேண்டாம்" என்று எழுதும்போது கூடவே ஒரு கேள்வி கேளுங்க: "கீழ விழுந்துட்டா தனியா எந்திரிக்க முடியுமா?" முடியாது என்றால் மாத்திரையோடு பிசியோதெரபிஸ்டுக்கும் ஒரு வரி எழுதிக்கொடுங்க. பத்து நிமிட ஓபியில் நேரம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டதற்கு நான் பார்த்த விலை இரண்டு டயாலிசிஸ்.

அந்த அம்மா குணமாகி வீட்டுக்குப் போன பிறகு, பிசியோதெரபிஸ்ட் நாற்காலி முறையில் ஆரம்பித்து ஏழெட்டு வாரம் பழக்கினார். தினமும் இரண்டு தடவை, பகலில், மகனோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ கூட இருக்கும்போது. அப்புறம் ஒரு நாள் செக்கப்புக்கு வந்தவர், "தம்பி, நேத்து பாய்ல உக்காந்து பூ கட்டுனேன்"ன்னார். முட்டி வலிக்கலையான்னு கேட்டேன். "வலிக்குதுதான். அதுக்குன்னு?"

இப்பவும் தனியாகத்தான் இருக்கிறார். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் போடுவதில்லை.